சிந்தாமல் எண்ணெய் மாற்ற எந்தக் கருவி?



சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் மோட்டார் சைக்கிளுக்கு எஞ்சின் எண்ணெய் மாற்ற வேண்டிய நாள். பட்டறைக்குப் போனால் அரை நாள் வீணாகும். நாமே செய்து விடுவோமே என்று ஸ்பேனரைக் கையில் எடுத்தேன். இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறவனுக்கு ஒரு போல்ட்டைக் கழற்றத் தெரியாதா என்ற துணிச்சல்தான்!

எஞ்சினின் அடிப்பகுதியில், பக்கவாட்டைப் பார்த்தபடி ஒரு போல்ட் இருக்கிறது. அதைக் கழற்றினால் பழைய எண்ணெய் வடிந்துவிடும். போல்ட்டுக்கு நேர் கீழே ஒரு சிறிய கிண்ணத்தை வைத்துவிட்டுக் கழற்றினேன். என்ன நடந்தது தெரியுமா? எண்ணெய் நேர் கீழே விழவே இல்லை. ஒரு சாண் தூரம் தள்ளிப் பாய்ந்து சிமெண்டுத் தரையில் விழுந்தது. பதறிப்போய்க் கிண்ணத்தை அந்த இடத்துக்கு நகர்த்தினேன். சில விநாடிகளில் எண்ணெய்த் தாரை பின்வாங்கிக் கிண்ணத்துக்கு இப்பால் விழத் தொடங்கியது. மீண்டும் நகர்த்தினேன். கடைசியில் அது எஞ்சினின் அடிவயிற்றோடு ஒட்டிக்கொண்டு வழிந்து, நான் எதிர்பாராத இன்னோர் இடத்தில் சொட்டியது. எண்ணெயில் பாதி கிண்ணத்தில், மீதி தரையில்.

அன்று மாலை மழை பெய்தது. அடுத்த வீட்டுப் பையன் வாசலில் காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தான். "மாமா! மாமா! ஓடி வாங்க, தண்ணியில வானவில்!" என்று கூவினான். போய்ப் பார்த்தேன். என் வீட்டு வாசலிலிருந்து தெருக்கோடி வாய்க்கால் வரை நீரின்மேல் நீலமும் ஊதாவும் பொன்னிறமுமாக வண்ணத் திரை மிதந்து சென்றது. அவனுக்கு மகிழ்ச்சி, எனக்கு வெட்கம். அந்த வாய்க்கால் எங்கள் தெருக் குளத்தில் போய்ச் சேருகிறது என்பது எனக்குத் தெரியும்.

அன்று இரவு ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, நான் செய்த தவறு என்ன, சிந்தாமல் எண்ணெய் மாற்ற எந்தக் கருவி ஏற்றது என்று கணக்குப் போட்டேன். நீங்கள் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் படித்த இயற்பியலே அதற்குப் பெரும்பாலும் போதுமானதாக இருந்தது. அந்தக் கணக்குகளைத்தான் இப்போது உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

எண்ணெயை ஏன் மாற்ற வேண்டும்?

எஞ்சினுக்குள் பிஸ்டனும் பல்சக்கரங்களும் ஒன்றோடொன்று உராயாமல் காப்பது எண்ணெயின் முதல் வேலை. உலோகப் பரப்புகளுக்கு இடையே மெல்லிய படலமாக நின்று அது உராய்வைக் குறைக்கிறது. வெப்பத்தை வாங்கிச் செல்வதும், கரித்தூளையும் தேய்ந்த உலோகத் துகள்களையும் தன்னுள் தாங்கிக்கொள்வதும் அதன் பிற வேலைகள். நாளடைவில் வெப்பத்தாலும் காற்றிலுள்ள ஆக்சிஜனாலும் எண்ணெய் கெடுகிறது, அழுக்கும் சேர்கிறது. ஆகவே உற்பத்தியாளர் கைப்புத்தகத்தில் குறித்துள்ள தூரம் ஓடியதும் அதை வடித்துவிட்டுப் புதிய எண்ணெய் ஊற்ற வேண்டும். 100 சி.சி. மோட்டார் சைக்கிளில் ஏறத்தாழ ஒரு லிட்டர் எண்ணெய் இருக்கும். கார்களில் 3 அல்லது 4 லிட்டர் இருக்கும்.

ஒரு லிட்டர்தானே, சிந்தினால் என்ன என்று கேட்காதீர்கள். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. அதைக் கடைசியில் பார்ப்போம்.

தாரை ஏன் தள்ளி விழுந்தது?

இத்தாலிய அறிஞர் டாரிசெல்லியின் பெயரைப் பாதரச அழுத்தமானியோடு சேர்த்துப் படித்திருப்பீர்கள். ஒரு பாத்திரத்தின் பக்கத்தில் துளையிட்டால் திரவம் என்ன வேகத்தில் வெளியேறும் என்பதைக் கூறியவரும் அவரே. துளைக்கு மேல் திரவம் எவ்வளவு உயரம் நிற்கிறதோ, அவ்வளவு உயரத்திலிருந்து தானே விழும் ஒரு கல் பெறும் வேகம்தான் அது.

இவ்வேகத்தோடு கிடைமட்டமாகப் புறப்படும் திரவம், தரைக்கு வருவதற்குள் எவ்வளவு தூரம் முன்னேறும்? துளைக்கு மேலுள்ள திரவ உயரத்தையும், துளையிலிருந்து தரை வரை உள்ள உயரத்தையும் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, இரண்டால் பெருக்கினால் அத்தூரம் கிடைக்கும். புவியீர்ப்பு முடுக்கம் இரு படிகளிலும் வந்து, ஒன்றையொன்று நீக்கிவிடுகிறது. விடையில் திரவத்தின் அடர்த்தியும் இல்லை.

என் வண்டியில் போல்ட்டுக்கு மேல் எண்ணெய் 8 செ.மீ. உயரம், போல்ட்டிலிருந்து தரை 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். எட்டையும் இருபதையும் பெருக்கினால் 160. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 12.6. இரண்டால் பெருக்க, 25 செ.மீ. வருகிறது. ஒரு சாணுக்கும் மேல்! எண்ணெய் மட்டம் 2 செ.மீ. ஆகக் குறையும்போது இதே தூரம் 12.6 செ.மீ. ஆகச் சுருங்கிவிடும். மட்டம் துளையின் விளிம்பைத் தொடும்போது தூரம் சுழியாகிறது. எண்ணெய்க்கு உலோகத்தோடு ஒட்டும் பண்பு உண்டு. ஆகையால் கடைசி எண்ணெய் பாயாமல் எஞ்சினின் அடியோடு ஒட்டி வழிகிறது. நான் கண்ட மூன்று நிலைகளும் சூத்திரத்துக்குள் அப்படியே அடங்கியிருக்கின்றன!

இது பாகுநிலையைக் கணக்கில் கொள்ளாத விடை. எண்ணெய் கெட்டியானது, ஆகவே உண்மையில் தூரம் சற்றுக் குறையும். எனினும் பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்க, இந்த அதிகபட்ச தூரமே நமக்குத் தேவை.

ஆகவே முதல் பாடம்: கிண்ணம் ஆழமாக இருப்பதைவிட நீளமாக இருப்பது முக்கியம். துளையின் நேர் கீழ்ப்புறத்திலிருந்து தாரை பாயும் முழுத் தூரத்தையும் அது தழுவி நிற்க வேண்டும். இரண்டாவது பாடம்: பாத்திரத்தின் விளிம்பைத் துளைக்கு எவ்வளவு அருகில் உயர்த்தி வைக்கிறோமோ அவ்வளவுக்குத் தாரை பாயும் தூரம் குறையும்.

சில எஞ்சின்களில் போல்ட் நேர் கீழ்நோக்கி இருக்கும். அவற்றில் தாரை தள்ளிப் பாயாது. ஆனால் போல்ட்டைக் கழற்றுகிற கையின் மேலேயே எண்ணெய் இறங்கும்.

உறிஞ்சி எடுத்தால் என்ன?

"போல்ட்டைக் கழற்றாமலே, மேலிருந்து எண்ணெயை உறிஞ்சிவிடலாமே?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நல்ல கேள்வி. எண்ணெய் அளவைப் பார்க்கும் கோல் செருகியிருக்கும் துளை வழியாக மெல்லிய குழாயை இறக்கி, கைப்பம்பால் எண்ணெயை வெளியே எடுக்கும் கருவிகள் கடைகளில் விற்கின்றன. ஒரு மூடிய கலத்திலிருந்து பம்பால் காற்றை நீக்குகிறோம். கலத்தில் அழுத்தம் குறைந்ததும், எண்ணெய் குழாய் வழியே ஏறி அதற்குள் வந்து விழுகிறது.

இங்கே ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். பம்பு எண்ணெயை இழுப்பதில்லை. எஞ்சினுக்குள் எண்ணெயின்மேல் அழுத்தும் வளிமண்டலம்தான் அதைத் தள்ளுகிறது. வளிமண்டலம் தண்ணீரை அதிகமாகப் போனால் ஏறத்தாழ 10.3 மீட்டர் உயரத்துக்குத் தள்ளும். எஞ்சின் எண்ணெயின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியில் 0.87 பங்கு. ஆகவே எண்ணெய் ஏறத்தாழ 11.9 மீட்டர் வரை ஏறலாம். நமக்குத் தேவையோ அரை மீட்டர். உயரம் ஒரு தடையே அல்ல.

அப்படியானால் தடை எது? குழாயின் குறுகலும் எண்ணெயின் பாகுநிலையும்தான்.

நான்காம் படியின் விளையாட்டு

பிரெஞ்சு மருத்துவர் புவாஸேய், மெல்லிய இரத்தக் குழாய்களில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்பதை அறிய விரும்பி, நுண்ணிய கண்ணாடிக் குழாய்களில் திரவங்களைச் செலுத்தி அளந்தார். 1840ஆம் ஆண்டையொட்டி அவர் கண்ட முடிவுகளை, சற்று முன்பே 1839இல் ஜெர்மானியப் பொறியாளர் ஹாகனும் தனியே கண்டிருந்தார். சீரான ஓட்டத்தில் ஒரு விநாடியில் பாயும் திரவத்தின் கன அளவு, அழுத்த வேறுபாட்டுக்கு நேர் விகிதத்திலும், குழாயின் நீளத்துக்கும் திரவத்தின் பாகுநிலைக்கும் எதிர் விகிதத்திலும் இருக்கும். குழாயின் ஆரத்துக்கோ, அதன் நான்காம் படிக்கு நேர் விகிதத்தில் இருக்கும்!

நான்காம் படி என்றால் என்ன என்று உணர்ந்து பாருங்கள். குழாயின் ஆரத்தைப் பாதியாக்கினால் ஓட்டம் பாதியாவதில்லை, நாலில் ஒன்றாவதும் இல்லை, பதினாறில் ஒன்றாகிவிடும்.

இனி எண்களைப் போடுவோம். குழாயின் உள்விட்டம் 4 மி.மீ., நீளம் 1 மீட்டர். கைப்பம்பு வளிமண்டல அழுத்தத்தில் பாதியை நீக்குகிறது என்றால், கிடைப்பது ஏறத்தாழ 50,000 பாஸ்கல் அழுத்த வேறுபாடு. எண்ணெயை அரை மீட்டர் உயர்த்த 4,300 பாஸ்கல் செலவாகும். மீதி ஏறத்தாழ 45,000 பாஸ்கல் எண்ணெயை ஓட வைக்கிறது. பலரும் பயன்படுத்தும் 10டபிள்யூ-30 வகை எண்ணெயின் பாகுநிலை 40 டிகிரி செல்சியஸில் தண்ணீரைப் போல் ஐம்பது, அறுபது மடங்கு இருக்கும். இவற்றைச் சூத்திரத்தில் இட்டால் விநாடிக்கு ஏறத்தாழ 5 மில்லிலிட்டர் எண்ணெய் வருகிறது. அதாவது ஒரு லிட்டரை எடுக்க 200 விநாடிகள், மூன்றேகால் நிமிடத்துக்குச் சற்று அதிகம். பரவாயில்லை!

குழாயின் உள்விட்டம் 2 மி.மீ. ஆக இருந்தால்? பதினாறு மடங்கு நேரம். 53 நிமிடங்கள்! கடையில் இரண்டு கருவிகளும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். பம்பின் அளவையும் பளபளப்பையும் பார்த்து வாங்குகிறவர் ஏமாறுவார். குழாயின் உள்விட்டத்தைக் கேட்டு, அளவுத்துளைக்குள் நுழையக்கூடிய மிகப் பெரிய குழாயைத் தேர்ந்தெடுப்பவரே கெட்டிக்காரர்.

சூடு செய்யும் உதவி

ஓட்டத்தைக் கூட்ட இன்னொரு வழியும் உண்டு. பாகுநிலையைக் குறைப்பது. சமையலறையில் விளக்கெண்ணெயைக் குளிர்ந்த நிலையில் ஊற்றிப் பாருங்கள். இளஞ்சூட்டில் ஊற்றிப் பாருங்கள். வேறுபாடு கண்ணுக்கே தெரியும். எஞ்சின் எண்ணெயும் அப்படித்தான். மேலே சொன்ன எண்ணெய் 40 டிகிரியில் இருப்பதைவிட 80 டிகிரியில் ஏறத்தாழ நான்கு மடங்கு இளகியிருக்கும். அதே 4 மி.மீ. குழாயில் ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும்.

ஆனால் கவனம்! 80 டிகிரி எண்ணெய் கையில் பட்டால் கொப்புளம் நிச்சயம். தண்ணீர் உடனே வழிந்து ஓடிவிடும். எண்ணெயோ தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். ஆகவே பட்டறையில் அனுபவமுள்ளவர்கள் செய்வதைப் பின்பற்றுங்கள். எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்தி, இன்னும் சில நிமிடங்கள் பொறுத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போது வேலையைத் தொடங்க வேண்டும். எஞ்சினைத் திறந்த வெளியில்தான் ஓடவிட வேண்டும். மூடிய அறையில் ஓடவிட்டால், புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உயிருக்கே ஆபத்தாகும்.

வடிகுழாய் உதவுமா?

தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்ய ரப்பர்க் குழாயை வளைத்துப் போடுகிறோமே, அந்த வடிகுழாய் இங்கே உதவுமா? அதற்குச் செலவே இல்லையே!

வடிகுழாய் வேலை செய்ய, வெளிமுனை எண்ணெய் மட்டத்தைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளின் எஞ்சின் தரைக்கு வெகு அருகில் இருக்கிறது. அதிகமாகப் போனால் 15 செ.மீ. தாழ்வு கிடைக்கும். அது தரும் அழுத்த வேறுபாடு ஏறத்தாழ 1,300 பாஸ்கல்தான். பம்பு தந்தது 45,000. அதாவது முப்பத்தைந்தில் ஒரு பங்கு. பம்பு 200 விநாடியில் செய்ததை வடிகுழாய் செய்ய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். எண்ணெய் மட்டம் இறங்க இறங்க அழுத்தம் இன்னும் குறையுமாதலால், உண்மையில் அதற்கு மேலும் ஆகும்.

இங்கே மிக முக்கியமான ஓர் எச்சரிக்கை. குழாயின் முனையை வாயில் வைத்து உறிஞ்சி வடிகுழாயைத் தொடங்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. பெட்ரோல், மண்ணெண்ணெய், எஞ்சின் எண்ணெய் எதையும் அப்படிச் செய்யவே கூடாது. பெட்ரோலும் மண்ணெண்ணெயும் பாகுநிலை மிகக் குறைந்தவை. தவறி ஒரு மடக்கு மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நுரையீரலில் வேகமாகப் பரவிக் கடும் அழற்சியை உண்டாக்கும். அப்படி யாருக்கேனும் நேர்ந்தால் வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள். வெளியே வரும்போது அது மீண்டும் நுரையீரலுக்குள் போகக்கூடும். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பம்பிலும் ஒரு குறை

அப்படியானால் பம்புதான் சிறந்ததா? அவசரப்பட வேண்டாம். வடி போல்ட் எஞ்சினின் தாழ்வான பகுதியில் இருக்கிறது. அடியில் படிந்த துகள்களும் எண்ணெயோடு வந்துவிடும். மேலிருந்து விடும் குழாயோ, அதன் முனை தொடும் மட்டம் வரைதான் எடுக்கும். பல மோட்டார் சைக்கிள்களில் உள்ளே இருக்கும் பல்சக்கரங்களும் பிற பாகங்களும் குறுக்கிட்டு, குழாயை அடிவரை போகவிடாமல் தடுக்கலாம்.

ஒரு லிட்டரில் 200 மில்லிலிட்டர் பழைய எண்ணெய் தங்கிவிட்டது என்று கொள்வோம். இதை அறியாமல் ஒரு லிட்டர் புதிய எண்ணெயை ஊற்றினால், உள்ளே 1.2 லிட்டர் ஆகிவிடும். அளவு மிகுந்தால் சுழலும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நுரையிலுள்ள காற்றுக் குமிழ்கள் உயவுப் படலத்தைக் கெடுக்கும். ஆகவே பம்பைப் பயன்படுத்துகிறவர் எடுத்த எண்ணெயை அளந்து பார்க்க வேண்டும். ஊற்றிய பிறகு அளவுக்கோலையும் பார்க்க வேண்டும். நன்மையும் உண்டு. குழாய் அடிவரை எட்டும் கார்களில் வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் போக வேண்டிய தேவையே இல்லை. வெறும் ஜாக்கியின் மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகக்கூடாது என்பதை இத்துடன் நினைவில் வையுங்கள்.

பெரிய மருந்து ஊசிக்குழலால் எடுப்பவர்களும் உண்டு. 100 மில்லிலிட்டர் குழலானால் பத்து முறை எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் குழலை எஞ்சினிலிருந்து டப்பாவுக்குக் கொண்டுபோகும்போது சொட்டும். அது சிறிதளவு மிகுந்த எண்ணெயைக் குறைக்க ஏற்ற கருவி. முழுவதையும் மாற்ற ஏற்றதல்ல.

நான் தேர்ந்தெடுத்த கருவி

கணக்கெல்லாம் போட்டு முடித்தபின் நான் தேர்ந்தெடுத்தது என்ன தெரியுமா? ஒரு பழைய 5 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா! மூடியை இறுக்கி, டப்பாவைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, மேலே இருக்கும் அகன்ற பக்கத்தைக் கத்தியால் வெட்டி எடுத்துவிட்டேன். ஏறத்தாழ 30 செ.மீ. நீளமும் 13 செ.மீ. உயரமும் உள்ள தட்டு ஒன்று கிடைத்தது. துளையிலிருந்து தட்டின் விளிம்புவரை உயரம் 7 செ.மீ. ஆகிவிட்டதால், தாரை விளிம்பு மட்டத்தைக் கடக்கும்போது 15 செ.மீ. தூரத்தில் இருக்கும். உள்ளே இறங்கும்போது மேலும் பத்து செ.மீ. முன்னேறும். தட்டின் நீளத்துக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது. வேலை முடிந்ததும் தட்டைச் சாய்த்து, டப்பாவின் மூடியைத் திறந்தால் அதன் வாயே ஊற்றும் மூக்காகப் பயன்படுகிறது. எண்ணெய் வேறொரு டப்பாவுக்குள் சிந்தாமல் போய்விடுகிறது.

ஸ்பேனரிலும் ஒரு தேர்வு உண்டு. வாய் திறந்த ஸ்பேனர் போல்ட் தலையின் இரு பக்கங்களை மட்டுமே பிடிக்கும். வழுக்கினால் முனைகள் மழுங்கும். வளைய ஸ்பேனர் சுற்றிலும் பிடிப்பதால் விசை பரவுகிறது. கழற்றும்போது கடைசிச் சுற்றுகளைக் கையுறை அணிந்த விரல்களால், போல்ட்டை உள்நோக்கி அழுத்திக்கொண்டே திருக வேண்டும். மரைகள் முழுவதும் விடுபட்டதும் சட்டென்று கையை விலக்கிக்கொள்ளலாம். போல்ட்டும் எண்ணெய்க்குள் விழாது.

எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து வைத்தால் வடிதல் சீராக நடக்கும். எண்ணெய்த் தகரத்தில் ஒரு துளைக்குப் பதில் இரண்டு துளையிடுகிறோமே, அதே காரணம்தான். எண்ணெய் வெளியேற வேண்டுமானால் காற்று உள்ளே போக வேண்டும்.

போல்ட்டைத் திரும்ப மாட்டும்போது பலத்தைக் காட்டாதீர்கள். 20 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் 10 கிலோ எடைக்குச் சமமான விசையைக் கொடுத்தாலே 20 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் கிடைத்துவிடும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கைப்புத்தகத்தில் எழுதியிருக்கும். அலுமினிய எஞ்சினில் அதற்கு மேல் முறுக்கினால் மரை அறுந்துபோகும்.

புதிய எண்ணெய் ஊற்றும்போது புனல் வேண்டும். டப்பாவைப் பிடிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வாய் கீழ்ப்பக்கம் வருமாறு சாய்த்தால், எண்ணெய் வாயை அடைத்துக்கொள்ளும். காற்று குமிழ்குமிழாக உள்ளே போகும்போது "களக் களக்" என்று துள்ளிச் சிதறும். வாய் மேல்விளிம்பில் இருக்குமாறு டப்பாவைப் படுக்க வைத்து ஊற்றினால், எண்ணெய் கீழ்ப்பாதியில் வெளியேற, காற்று மேல்பாதியில் அமைதியாக உள்ளே போகும்.

வானவில்லின் கணக்கு

இனி அந்தப் பையன் பார்த்த வானவில்லுக்கு வருவோம். எண்ணெய்ப் படலத்தின் மேற்பரப்பிலிருந்தும் அடிப்பரப்பிலிருந்தும் எதிரொளிக்கும் ஒளியலைகள் ஒன்றோடொன்று சேரும்போது, சில நிறங்கள் வலுப்பெறுகின்றன, சில மங்குகின்றன. இது ஒளியின் குறுக்கீட்டு விளைவு. படலத்தின் தடிமன் ஒளியின் அலைநீளத்தை ஒத்த அளவில் இருந்தால்தான் இவ்வண்ணங்கள் தெளிவாகத் தெரியும். தடிமனை அரை மைக்ரோமீட்டர் என்று கொள்வோம். அதாவது ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு.

ஒரு லிட்டர் எண்ணெய் இத்தடிமனில் பரவினால் எவ்வளவு இடத்தை மூடும்? 2,000 சதுர மீட்டர். ஏறத்தாழ அரை ஏக்கர், ஐம்பது சென்ட்! ஒரு தேக்கரண்டி எண்ணெய், 5 மில்லிலிட்டர், 10 சதுர மீட்டரை மூடிவிடும். ஒரு சிறிய அறையின் தரை முழுவதையும்.

அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டனை அடுத்த கிளாப்ஹம் குளத்தில் ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாத எண்ணெயை ஊற்றி, அது அரை ஏக்கர் நீர்ப்பரப்பை அமைதியாக்கியதைக் கண்டு 1774இல் எழுதினார். அதன் தடிமனைக் கணக்கிட்டால் ஒரு மில்லிமீட்டரில் சில இலட்சத்தில் ஒரு பங்குதான் வருகிறது. ஏறக்குறைய ஒரே ஒரு மூலக்கூறின் உயரம்! எல்லா எண்ணெயும் அவ்வளவு மெலிதாகப் பரவுவதில்லை. ஆயினும் சிறிதளவு எண்ணெய் பெரும் பரப்பை மூடக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எஞ்சினில் ஓடிய எண்ணெய் வெறும் எண்ணெயும் அல்ல. தேய்ந்த உலோகங்களும், எரிதலில் உண்டாகும் தீய கரிமச் சேர்மங்களும் அதில் இருக்கின்றன. திரும்பத் திரும்பத் தடவிய சோதனைகளில் சுண்டெலிகளின் தோலில் அது புற்றுநோயை உண்டாக்கியிருக்கிறது. கையுறை அணிய வேண்டும், முடிந்ததும் சோப்பால் கை கழுவ வேண்டும் என்பது இதனால்தான். நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் விதிகள் பயன்படுத்திய எண்ணெயைத் தீங்கு தரும் கழிவுகளின் வரிசையில் வைத்துள்ளன. அதே சமயம் அதைச் சுத்திகரித்து மீண்டும் உயவு எண்ணெயாக்கவும் முடியும். ஆகவே சாக்கடையில் ஊற்றாமலும், மண்ணில் கொட்டாமலும், எரிக்காமலும் மூடிய டப்பாவில் சேர்த்து, பழைய எண்ணெயைச் சேகரித்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பணிமனையில் கொடுத்துவிடுங்கள். தண்ணீரையோ பெட்ரோலையோ அதில் கலந்துவிடாதீர்கள். தவறித் தரையில் சிந்தினால் தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடாது. மரத்தூளையோ மணலையோ தூவி, ஊறியதும் வாரி எடுத்துப் பையில் கட்டி வைக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

1. ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலின் அடியிலிருந்து 2 செ.மீ. உயரத்தில் காம்பஸ் முனையால் துளையிடுங்கள். பாட்டிலைப் படியின் விளிம்பில் வைத்து, துளைக்கு மேல் 16 செ.மீ. உயரம் தண்ணீர் இருக்கும்போது தாரை எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 4 செ.மீ. ஆனதும் மீண்டும் குறியுங்கள். தூரம் ஏறத்தாழப் பாதியாகி இருக்கும். இப்போது மூடியை இறுக்கி மூடிப் பாருங்கள். என்ன ஆகிறது? ஏன்?

2. ஊசியில்லாத புதிய 10 மில்லிலிட்டர் மருந்துக் குழலின் தண்டை எடுத்துவிட்டு, அடித்துளையை விரலால் மூடி விளக்கெண்ணெயால் நிரப்புங்கள். விரலை எடுத்து, காலியாகும் நேரத்தை அளந்து எழுதுங்கள். பிறகு எண்ணெய்க் கிண்ணத்தை வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கி மீண்டும் அளவிடுங்கள். வெந்நீரைக் கையாளும்போது பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும்.

கணக்கிட்டுப் பாருங்கள்

1. 4 மி.மீ. குழாய் ஒரு லிட்டருக்கு 200 விநாடி எடுத்துக்கொண்டது. 6 மி.மீ. குழாய் எத்தனை விநாடி எடுத்துக்கொள்ளும்?

2. துளைக்கு மேல் எண்ணெய் 8 செ.மீ.; துளையிலிருந்து தட்டு 5 செ.மீ. கீழே. தாரை எவ்வளவு தூரம் தள்ளி விழும்?

3. நான் சிந்தியது அரை லிட்டர். அரை மைக்ரோமீட்டர் தடிமனில் அது எவ்வளவு நீர்ப்பரப்பை மூடியிருக்கும்?

விடைகள்: 1. ஏறத்தாழ 40 விநாடி. 2. 12.6 செ.மீ. 3. 1,000 சதுர மீட்டர்.

மூன்றாவது விடையை நான் அன்று இரவே கண்டுவிட்டேன். அடுத்த முறை எண்ணெய் மாற்றியபோது அந்தப் பையனைக் கூட்டி வந்து, எட்டி நின்று பார்க்கச் சொன்னேன். வெட்டிய டப்பாவைக் காட்டி, "எண்ணெய் எங்கே விழும், சொல் பார்க்கலாம்" என்றேன். விரலைக் காட்டினான், அங்கேயே விழுந்தது. அடுத்த மழையில் அவன் கப்பல் விட்டபோது தண்ணீரில் வானவில் இல்லை. வானத்தில் இருந்ததா என்று நாங்கள் இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.